மாதவரம் பக்கத்து ஓய்வுக் குதிரை லாயம்: ஒன்பது மாதம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

மூன்று வயதுக் குதிரையை மூட்டுக் கோளாறால் ஓட்டத்திலிருந்து நிறுத்திவிட்டு, அடுத்து எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியாமல் அல்லாடுபவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வருடம் இதே நிலையில் நானும் அப்பாவும் இரண்டு மாதம் அலைந்தோம், எங்கே கேட்டாலும் "வித்துடுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. கடைசியில் மாதவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லாயம் கிடைத்தது. பெயரும் இடமும் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவரிடம் ஏழு குதிரைக்குத்தான் இடம், வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வராது. நிஜமாகவே தேவைப்படுபவர்கள் வட சென்னைப் பக்கம் குதிரை பார்க்கும் மருத்துவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

முதலில் எங்கள் குதிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் லாயத்தைப் பற்றி நான் சொல்வது புரியாது. பதிவேட்டில் அவளுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர், ஆனால் அவளைப் பார்த்துக்கொண்ட சைஸ் (குதிரை பராமரிப்பவர்) தம்பி அஞ்சலை என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. நாங்கள் வசதியான குடும்பம் இல்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தாத்தா யானைகவுனியிலிருந்து கொத்தவால்சாவடி வரை ஜட்கா ஓட்டியவர், சின்ன வயதில் அந்தக் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்துக் கொடுத்த ஆசை அப்பாவுக்கு அறுபது வயதிலும் போகவில்லை. ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, இன்னும் மூன்று பேரோடு கூட்டாக ஒரு பந்தயக் குதிரையில் கால் பங்கு வாங்கினார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வெளியூரில் வைத்துத்தான் பழக்கினார்கள். மொத்தம் ஐந்து ஓட்டம் ஓடினாள், ஒன்றில் மூன்றாவதாக வந்தாள். ஐந்தாவது ஓட்டத்துக்கு அப்புறம் ஒரு நாள் சைஸ் தம்பி போன் செய்தார். "அக்கா, அஞ்சலை தலையாட்டுது, யாரும் கண்டுக்க மாட்டேன்றாங்க, நீங்க வந்து பாருங்க" என்றார். தலையாட்டுவது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரையை மெதுவோட்டத்தில் நடத்திப் பார்த்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை தாழும். வலிக்கும் காலில் பாரத்தைக் குறைப்பதற்கு அது செய்யும் ஏற்பாடு அது. குதிரை நிற்கும்போதே உடம்பு எடையில் சுமார் அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கும், நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் மொத்த உடம்பும் ஒரே முன்னங்கால்மேல் வந்து இறங்கும். அஞ்சலையின் எடை 440 கிலோ.

மருத்துவர் வந்து காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார், வலது காலில் நொண்டல் நன்றாகவே தெரிந்தது, இடது காலிலும் லேசாகத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். குதிரைக்கு நாம் முன்னங்கால் முட்டி என்று சொல்கிறோமே, அது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. சின்னச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். வேகத்தில் அந்த எலும்புகளின் முன் விளிம்பு ஒன்றோடொன்று மோதிச் சில்லு பெயரும். இவளுக்கு வலது முட்டியில் அரிசி மணி அளவு ஒரு சில்லு, அதைச் சுற்றி மூட்டுத் தேய்மானம், இடது முட்டியிலும் தேய்மானம் ஆரம்பம். சில்லை மட்டும் துளை போட்டுக் கேமரா விட்டு எடுத்துவிடலாம், அப்படி எடுத்த குதிரைகள் பல திரும்ப ஓடியிருக்கின்றன. ஆனால் இவளுக்கு இரண்டு பக்கமும் குருத்தெலும்பு போயிருந்தது, எடுத்தாலும் ஓட்டத்துக்குத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

மூன்று வயதில் எப்படி மூட்டு தேயும் என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தியாவில் பந்தயக் குதிரைகளுக்கு எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். அதனால் குதிரையின் நிஜ வயது பதிவேட்டு வயதைவிடச் சில மாதம் குறைவாக இருக்கலாம். முட்டிக்கு மேலே இருக்கும் நீள எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்துப் பகுதி) மூடி முடிக்க இரண்டிலிருந்து இரண்டரை வருடம் ஆகும். சின்ன வயதில் அளவோடு ஓடவிடுவது எலும்புக்கு நல்லது என்பதையும் மருத்துவர் சொன்னார், அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த அளவை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

ஏனென்றால் எங்களுக்குக் கிடைத்த முதல் யோசனை, மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு இன்னும் இரண்டு ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பழக்கியவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஊசி போட்டால் வீக்கமும் வலியும் அடங்கும், அது நிஜம், சரியான குதிரைக்குச் சரியான நேரத்தில் அது நல்ல மருந்தும்கூட. ஆனால் உள்ளே சில்லு கிடக்கும்போது வலியை மட்டும் அணைத்துவிட்டு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் மிச்சம் இருக்கும் மூட்டும் போகும், நடு ஓட்டத்தில் எலும்பே முறியலாம், அப்படி முறிந்தால் பெரும்பாலும் அங்கேயே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். மற்ற மூன்று பங்குதாரர்களில் இரண்டு பேர் ஓட்டலாம் என்றார்கள். அப்பா அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, அரக்கோணம் தாண்டினதும் "அவங்க பங்கையும் நாமளே வாங்கிக்கலாம்மா" என்றார். உதவாத குதிரையின் பங்கு என்பதால் சல்லிசாகத்தான் கிடைத்தது.

அப்புறம்தான் அலைச்சல். ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் நல்ல விலை சொன்னார், கல்யாணத்துக்கு மெதுவாகத்தானே நடக்கப்போகிறது என்றார். தார்ச்சாலையில் லாடத்தோடு மணிக்கணக்காக, மேளமும் வெடியும் காதைப் பிளக்க, முதுகில் ஆளோடு நிற்பது தேய்ந்த முட்டிக்கு ஓட்டத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். கடற்கரையில் சவாரி விடுபவர் ஒருவர் கேட்டார், ஆழ மணலில் கால் புதைந்து புதைந்து நடப்பதை நினைத்து வேண்டாம் என்றோம். இவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அதுதான் பிழைப்பு, குதிரைமேல் பாசம் உள்ளவர்களும் அவர்களில் உண்டு. பெண் குதிரைதானே, குட்டி போடவிடலாம் என்றும் ஒரு பண்ணையில் கேட்டார்கள். பதினொரு மாதச் சினைப் பாரத்தை இந்த மூட்டுகள்மேல் வைக்க எங்களுக்கு மனம் இல்லை.

சரி, இப்போது லாயத்துக்கு வருகிறேன்.

நடத்துபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாற்பது வருடம் பந்தயக் குதிரைகளோடு சைஸாக இருந்தவர். நாங்கள் முதல் தடவை போனபோது குதிரையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, எங்களைப் பற்றித்தான் கேட்டார். அப்பாவுக்கு என்ன வயது, எனக்கு என்ன வேலை, வீடு சொந்தமா, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாதப் பணம் யார் கொடுப்பது. எனக்குச் சுருக்கென்றது. அவர் நிதானமாகச் சொன்னார், "கோச்சுக்காதம்மா. இதுக்கு இப்ப மூணு வயசு. நல்லா பாத்துக்கினா இருவத்தஞ்சு வருசம் இருக்கும். பாதியில வுட்டுட்டுப் போறவங்கள நான் நெறய பாத்துட்டேன். மொதல்ல இத்த பேசி முடிச்சுக்கலாம்." யோசித்துப் பாருங்கள், இரண்டு மாதமாக நாங்கள் பேசிய யாரும் இந்த இருபத்தைந்து வருடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, குதிரையை விற்றவர்களும் சரி, பழக்கியவர்களும் சரி, திரும்ப வாங்கக் கேட்டவர்களும் சரி. இந்த லாயத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்து இரண்டு நிபந்தனை. ஆறு மாதம் யாரும் முதுகில் ஏறக் கூடாது, குழந்தைகூட. அப்புறம், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார், சான்று இருந்தாலும் இரண்டு வாரம் மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளித்தான் கட்டுவார். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், வந்த குதிரையைச் சட்டப்படி கொன்றுவிடத்தான் வேண்டும், அதனால் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. இதைக் கேட்காத லாயத்தில் உங்கள் குதிரையை விடாதீர்கள்.

வண்டியில் கொண்டுவந்து இறக்கிய நாள் மறக்காது. மூலக்கடையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம், உள்ளே அவள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றாள், வண்டி அசையும்போதெல்லாம் இரண்டு முட்டியும் நடுங்கியது. இந்தப் பக்கம் குதிரையோ மாடோ கொண்டுவருபவர்கள் விடியற்காலை நான்கு மணிக்குள் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டிவிடப் பாருங்கள், அதற்கு மேல் லாரிதான்.

முதல் மூன்று வாரம் அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பந்தய லாயத்தில் அவளுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வேலை ஆரம்பிக்கும். இங்கே வந்தும் நான்கு மணிக்கு எழுந்து கதவோரம் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள், ஆள் வரும் என்று. யாரும் வந்து சேணம் கட்டவில்லை என்றதும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிடுவாள், முன்னங்கால்கள் மாறி மாறிப் பாரம் தாங்க, அந்த மூட்டுக்கு அதுவே கெடுதல். பாய் என்ன செய்தார் என்றால், அதே நான்கு மணிக்குத் தானே எழுந்துபோய்க் கையளவு உலர்புல் போட்டுவிட்டு உடம்பைத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தார், ஒவ்வொரு வாரமும் கால் மணி நேரம் தள்ளித் தள்ளிப் போனார். பக்கத்து அறையில் வயதான ஒரு மட்டக்குதிரையைக் கட்டினார், நடுச்சுவரின் மேல்பாதியை எடுத்துவிட்டுக் கம்பி போட்டு. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு நிற்கும். குதிரை கூட்டமாக வாழும் பிராணி, தனியாக அடைத்தால் ஆடும், மரத்தைக் கடிக்கும், காற்றை விழுங்கும். ஐந்தாவது வாரம் ஆடுவது பாதியாகக் குறைந்தது. இன்றைக்கும் முழுதாக நிற்கவில்லை, மழை நாளில் ஆடுகிறாள்.

தீவனம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் குதிரை வைத்திருக்கும் நல்லவர்களே இதில்தான் தப்பு செய்கிறார்கள், நாங்களும் செய்திருப்போம். ஓடும் குதிரைக்கு ஓட்ஸும் பருப்பு வகைகளும் அள்ளிக் கொடுப்பார்கள். ஓட்டம் நின்ற பிறகும் அதையே கொடுத்தால் எடை ஏறும், முட்டிமேல் பாரம் கூடும், வேலையில்லாத தெம்பில் குதிக்கும். ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து, வயிற்றுவலி வரும், குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதால் வயிற்றுவலி அதற்கு உயிர்ப் பிரச்சினை. இங்கே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ஓட்ஸைக் கைப்பிடி கைப்பிடியாகக் குறைத்து, அந்த இடத்தில் உலர்புல்லை ஏற்றினார்கள். குதிரைக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்ந்த புல் தேவை, அஞ்சலைக்கு அது ஒரு நாளைக்குச் சுமார் ஏழு முதல் ஒன்பது கிலோ. ஒரே தடவையில் கொட்டாமல் ஐந்து தடவையாக வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், இராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை உட்பட. பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகச் சாதாரணம், வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் நிற்பது அதைக் கூட்டும். இவளுக்கும் இருந்தது, ஒரு மாதம் மாத்திரை கொடுத்தோம்.

பெரிய விஷயம் எந்தப் புல் என்பது. சென்னையைச் சுற்றி மாட்டுக்கென்று வளர்க்கும் கோ 4 மாதிரியான நேப்பியர் புல்தான் சுலபமாகவும் மலிவாகவும் கிடைக்கும். மாட்டுக்கு அது நல்ல புல். குதிரைக்கு நாள் முழுக்க அதையே போட்டால் அதில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. கூடவே கோதுமைத் தவிட்டை வாளி வாளியாகக் கரைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம், தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அதுவும் சுண்ணாம்புச் சத்தைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும், முகத்து எலும்பு வீங்கும், கால் நொண்டும். ஏற்கெனவே மூட்டு போன குதிரைக்கு இது நடந்தால் என்ன ஆகும். பாய் அருகம்புல்லை வெட்டிக் காயவைத்ததும், அளவாகக் குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் கொடுக்கிறார், குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. ஆக்சலேட் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. "மாட்டுப் புல்ல தின்னா குதிரைக்கு எலும்பு கரையும்" என்று அவருடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்தாராம், மருத்துவரிடம் கேட்டபோது அவர் சொன்ன காரணம்தான் மேலே எழுதியது. கொள்ளு ஊறவைத்து ஒரு கைப்பிடி, அவ்வளவுதான், அதுவும் அப்பா போகும் நாளில் அப்பா கையால்.

குளம்பு விஷயத்திலும் நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வந்த வாரமே லாடத்தைக் கழற்றினார்கள். குளம்பின் முன்பகுதி நீண்டும் குதிகால் தாழ்ந்தும் இருந்தது, பந்தயக் குதிரைகளில் இது அடிக்கடி பார்ப்பதுதான், காலைத் தூக்கி எடுப்பதற்கு நேரமாகும், மேலே உள்ள மூட்டுகளுக்கு இழுவை கூடும். லாடக்காரர் ஒரே தடவையில் வெட்டி நேராக்காமல், ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ராவி நான்கு தடவையில் சரிசெய்தார். ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

நடை. முதல் இரண்டு மாதம் அறைக்குள்ளேயே, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, கீழே மரவாடியிலிருந்து வாங்கிய மரச்சீவல் ஒரு முழம் கனத்துக்கு. காலை மாலை முட்டிமேல் இருபது நிமிடம் பைப்பில் குளிர்ந்த தண்ணீர். அப்புறம் கையில் பிடித்து ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து, இப்படி அரை மணி நேரம் வரை ஏற்றினார்கள், கெட்டியான சமதரையில், நேர்க்கோட்டில் மட்டும். கயிற்றில் கட்டி வட்டமடிக்க விடும் பழக்கம் நிறைய இடத்தில் உண்டு, அது மூட்டை முறுக்கும் என்பதால் இங்கே அறவே கிடையாது. ஐந்தாவது மாதம் சின்ன அடைப்புக்குள் திறந்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் வேலி ஓரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், பாய்ந்துவிடுவாளோ என்று. அவள் நாலு அடி எடுத்துவைத்து, தரையை முகர்ந்து, முன்னங்காலை மெதுவாக மடக்கிப் படுத்து, செம்மண்ணில் புரண்டாள். மூட்டு வலியுள்ள குதிரை படுக்கவும் எழுந்திருக்கவும் பயப்படும். அதுவரை அவள் படுத்து நாங்கள் பார்த்ததே இல்லை, அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் மின்சாரம் போனால் மின்விசிறி நின்றுவிடும், அப்போது இன்வெர்ட்டர் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில பந்தயக் குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும், உடம்பு சூடு இறங்காமல் மூச்சு வாங்கும். ஒரு மதியம் அஞ்சலை அப்படி மூச்சு வாங்கியபோது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித்தான் சமாளித்தார்கள். நான் சண்டை போட்டேன், அடுத்த மாதம் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார், ஆனாலும் வெயில் காலத்துக்கு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும்.

மழைக்காலம் அடுத்தது. புழல் ஏரி உபரி நீர் திறந்தால் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகத்தான் போகும், அதனால் இந்தப் பக்கம் எந்த லாயம் பார்த்தாலும் முதலில் தரைமட்டத்தைப் பாருங்கள். இது மேட்டில் இருக்கிறது, அறைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அடைப்பு மூன்று வாரம் சேறாகக் கிடந்தது, சேற்றில் நின்று ஒரு பின்னங்குளம்பில் அழுகல் வந்து நாற்றமடித்த பிறகுதான் கவனித்தார்கள். வாரம் ஒரு தடவை நான் போகாமல் இருந்திருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும். வடிகால் வெட்டி ஜல்லி கொட்டித் தருவதாகச் சொன்னார், இதுவரை பாதிதான் முடிந்திருக்கிறது.

கணக்கெல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான். ஒரு தடவை என்னைக் கேட்காமலே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டுப் பணம் சேர்த்திருந்தார். மருந்து தேவைதான், ஆனால் கேட்டிருக்க வேண்டும், சொன்னேன், அதன்பிறகு கேட்கிறார். எக்ஸ்ரே வசதி இங்கே இல்லை, மருத்துவர் கையடக்கக் கருவி கொண்டுவந்தால் உண்டு. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான் என்பது வட சென்னையில் குதிரை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தைரியம்.

மூட்டுக்கான சத்துப் பொடி பற்றி நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கலந்த பொடி ஒன்றை மூன்று மாதம் கொடுத்தோம், விலை அதிகம். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வாய்வழியாகக் கொடுத்தால் குதிரைக்கு அது பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு என்று மருத்துவரும் முதலிலேயே சொன்னார், நாங்கள்தான் ஆசையில் வாங்கினோம். அந்தப் பணத்துக்கு நல்ல உலர்புல் வாங்குங்கள். வலி மாத்திரையும் அப்படித்தான், சில நாளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கெடுதல். பாய் மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுப்பதில்லை.

பணம். மாதம் 22,000 ரூபாய், தீவனமும் ஆள் கூலியும் சேர்த்து. லாடக்காரர், மருத்துவர், மருந்து எல்லாம் தனி. வருடத்துக்கு 2,64,000 ஆகிறது, விலை ஏறாமலே இருந்தாலும் இருபது வருடத்துக்கு 52,80,000. இந்தக் கணக்கை அப்பா குதிரை வாங்கிய அன்றைக்கு யாராவது ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இப்போது நான் என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுகிறேன், நகைச் சீட்டை நிறுத்திவிட்டேன். பந்தயக் குதிரையில் பங்கு வாங்க யோசிப்பவர்கள் இருந்தால், எத்தனை ஓட்டம் ஜெயிக்கும் என்று கேட்பதற்கு முன்னால் ஓட்டம் முடிந்த பிறகு யார் லாயத்தில், யார் செலவில் நிற்கும் என்று கேட்டு, பங்குதாரர் எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பரிசுப் பணத்தைப் பிரிப்பது பற்றி இரண்டு பக்கம் இருந்தது, இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒன்பதாவது மாதம் திரும்ப எக்ஸ்ரே எடுத்தோம். சில்லு அதே இடத்தில் இருக்கிறது, தேய்மானம் கூடவில்லை. நடையில் நொண்டல் தெரியவில்லை, மெதுவோட்டத்தில் இன்னும் லேசாகத் தலையாட்டுகிறாள். மார்கழிக் காலையில் வலது முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வெயில் ஏறி நடந்தால் இறங்கிவிடுகிறது. ஆறு மாதம் முடிந்தும் யாரையும் முதுகில் ஏற்றவில்லை, ஏற்றப்போவதும் இல்லை, அது எங்கள் முடிவு. மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று சேற்றுக்காகவும் இன்வெர்ட்டருக்காகவும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள், அப்போதுதான் குதிரைகள் வெளியே இருக்கும், ஏழு மணிக்கு மேல் பாயும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். வெல்லமும் ரொட்டியும் எடுத்துப் போகாதீர்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார். கேரட் கொண்டுபோகலாம், நீளவாக்கில் நறுக்கி, வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். அஞ்சலை இரண்டாவது அடைப்பில், கறுப்பு மட்டக்குதிரையோடு இருப்பாள். அவளுக்குக் கொடுக்கும்போது அதற்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேலியை உதைக்கும்.